எல்லையில் மட்டும் விழித்திருக்கும் சட்டம்

சிகாகோவுக்குத் தெற்கே, கேலுமெட் சிட்டிக்கும் ஹாமண்ட் நகருக்கும் நடுவே ஸ்டேட் லைன் சாலை ஓடுகிறது. சாலைக்கு மேற்கே இல்லினாய் மாநிலம், கிழக்கே இண்டியானா. ஹாமண்டில் குடியிருக்கும் ஒருவர் தம் கைத்துப்பாக்கியை எதிர்ச்சாரியில் வசிப்பவருக்கு, அவர் அந்த மாநிலத்தவர் என்று அறிந்தே நேரடியாக விற்றால், அமெரிக்க மத்திய சட்டப்படி அது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதே துப்பாக்கியை, இண்டியானாவின் தென்கோடியிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கலாம். வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று விற்பவருக்குத் தெரிந்திருக்கவோ, அப்படி நினைக்கத் தக்க காரணம் இருக்கவோ கூடாது, அவ்வளவுதான். பின்னணிச் சோதனை தேவையில்லை. பதிவேடும் தேவையில்லை. அடையாள அட்டையைப் பார்க்கும் கடமைகூட அவருக்கு இல்லை.

துப்பாக்கி ஒன்றுதான், ஆபத்தும் ஒன்றுதான். ஆனால் வாங்குபவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார் என்ற ஒரே கேள்வி, முழுமையான சோதனைக்கும் சோதனையே இல்லாத நிலைக்கும் இடையே நிற்கிறது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது, எப்படி இயங்குகிறது, எங்கே உடைகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மாநிலம் கடந்த விற்பனைக்கு அமெரிக்கா வகுத்துள்ள நடைமுறையே, மாநிலத்துக்குள் நடக்கும் தனிநபர் விற்பனைக்கும் வேண்டியது என்பதும், அது உள்ளே இல்லாததால்தான் எல்லையில் இருப்பதும் வலுவிழக்கிறது என்பதும் என் முடிவு.

1968: அஞ்சலில் வந்த ஆயுதம்

1963 மார்ச் மாதம், டல்லஸ் நகரிலிருந்த லீ ஹார்வி ஆஸ்வால்ட், பொய்ப்பெயர் ஒன்றில், பத்திரிகை விளம்பரத்தோடு வந்த படிவத்தை நிரப்பிச் சிகாகோவிலிருந்த விளையாட்டுப் பொருள் கடைக்கு அனுப்பினார். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ராணுவ ரைபிள் ஒன்று அஞ்சல் பெட்டி முகவரிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பும் செலவு சேர்த்து அதன் விலை 21 டாலர் 45 சென்ட். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று அந்த ரைபிளால் அதிபர் ஜான் கென்னடி கொல்லப்பட்டார்.

அஞ்சல்வழி விற்பனையின் ஆபத்தை அதற்கு முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். கனெக்டிகட்டைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் தாமஸ் டாட் அதைக் கட்டுப்படுத்தும் மசோதாவை அதே ஆண்டு ஆகஸ்ட் மாதமே கொண்டுவந்திருந்தார். கைத்துப்பாக்கிகளை அரசு அஞ்சலில் அனுப்ப 1927 ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தது. ஆனால் தனியார் பார்சல் நிறுவனங்களை அது தொடவில்லை. ஆகவே ஒரு மாநிலம் எவ்வளவு கடுமையான சட்டம் இயற்றினாலும், குடிமகன் வேறு மாநிலக் கடைக்குப் பணம் அனுப்பி ஆயுதத்தை வீட்டுக்கே வரவழைக்க முடிந்தது. டாட்டின் மசோதா ஐந்தாண்டுகள் இழுபட்டது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகே காங்கிரஸ் அசைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்வதும், உரிமையாளருக்கு உரிமம் கட்டாயம் என்பதும் அவர் விரும்பியவை. அவை கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை அவர் அன்றே வெளிப்படையாகச் சொன்னார்.

அந்தச் சட்டம் மாநில எல்லையை ஏன் அச்சாகக் கொண்டது? அமெரிக்க அரசியல் சாசனம் காங்கிரஸுக்குத் தரும் அதிகாரங்களில் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் முதன்மையானது. அந்த அதிகாரத்தின் மேல் கட்டப்பட்ட சட்டம் இயல்பாகவே எல்லையை நோக்கிற்று. கூட்டாட்சி பற்றிய ஒரு பார்வையும் இதில் இருந்தது. நியூயார்க் தனக்கு வேண்டிய சட்டத்தை இயற்றட்டும், டெக்சாஸ் தனக்கு வேண்டியதை இயற்றட்டும். ஒருவர் சட்டத்தை மற்றவர் நிலத்திலிருந்து யாரும் உடைக்காமல் இருந்தால் போதும் என்ற பார்வை அது.

சட்டம் சொல்வது

மாநிலம் கடந்த தனிநபர் விற்பனையை இரண்டு விதிகள் இரு முனைகளிலும் பிடிக்கின்றன. உரிமம் இல்லாத ஒருவர், தம் மாநிலத்தில் வசிக்காதவர் என்று தெரிந்த, அல்லது அப்படி நம்பத் தக்க காரணமுள்ள மற்றொரு தனிநபருக்குத் துப்பாக்கியை விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ கூடாது. இது கொடுப்பவருக்கான விதி. வேறு மாநிலத்தில் வாங்கிய அல்லது பெற்ற துப்பாக்கியைத் தம் மாநிலத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது பெறுபவருக்கான விதி.

வழக்கமான சட்டப்படியான வழி இது. விற்பவர் துப்பாக்கியை, வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள மத்திய உரிமம் பெற்ற வணிகருக்கு அனுப்ப வேண்டும். வாங்குபவர் அங்கே நேரில் சென்று, 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, அடையாளம் காட்டி, மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்கிலிருந்து எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியப் பின்னணிச் சோதனை அமைப்பின் ஒப்புதல் கிடைத்த பிறகே அதைப் பெறலாம். வணிகர் இதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொள்கிறார். 1993 ஆம் ஆண்டின் பிரேடி சட்டத்தால் பிறந்து, 1998 நவம்பர் இறுதியில் இயங்கத் தொடங்கிய இந்த அமைப்பு, பெரும்பாலான சோதனைகளைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

கைத்துப்பாக்கிக்கும் நீண்ட துப்பாக்கிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. 1986 ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, உரிமம் பெற்ற வணிகர் வேறு மாநிலத்தவருக்கும் ரைபிளையோ ஷாட்கன்னையோ கடையிலேயே நேரில் விற்கலாம். இரு மாநிலச் சட்டங்களுக்கும் அந்த விற்பனை உட்பட்டிருக்க வேண்டும். கைத்துப்பாக்கியை அப்படி விற்க முடியாது. அது வாங்குபவரின் மாநிலத்து வணிகர் வழியாகவே போக வேண்டும். மறைத்து எடுத்துச் செல்லக்கூடியது, நகரக் குற்றங்களில் மிகுதியாகப் பயன்படுவது என்பதால் இந்தக் கூடுதல் கட்டுப்பாடு.

விதிவிலக்குகள் சில. உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வரும் துப்பாக்கி எல்லை கடக்கலாம். வேட்டை, இலக்குச் சுடுதல் போன்ற முறையான விளையாட்டுக்குத் தற்காலிகமாக இரவல் கொடுக்கலாம். 1898 ஆம் ஆண்டும் அதற்கு முன்பும் செய்யப்பட்ட தொன்மையான துப்பாக்கிகள் இந்த விதிகளுக்குள் வருவதில்லை. பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவருக்கெனத் தனி உரிமம் உண்டு.

இரத்த உறவுக்கு விதிவிலக்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒஹையோவில் இருக்கும் தந்தை, கென்டக்கியில் குடியேறிவிட்ட மகனுக்குத் தம் வேட்டைத் துப்பாக்கியைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க நினைத்தாலும் வணிகர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். தந்தை இறந்த பின் வாரிசாகப் பெறுவதானால் நேரடியாகப் பெறலாம்.

யார் எந்த மாநிலத்தவர்?

முழு ஏற்பாடும் வசிப்பிடம் என்ற ஒரு கருத்தின் மேல் நிற்பதால், அதற்கு விளக்கம் தேவைப்பட்டது. ஒரு மாநிலத்தில் இருப்பதோடு, அங்கே வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் எண்ணமும் உள்ளவரே அம்மாநிலத்தவர். இரண்டு மாநிலங்களில் வீடு வைத்து, ஆண்டின் ஒரு பகுதியை இங்கும் மறுபகுதியை அங்கும் கழிப்பவர், எங்கே இருக்கிறாரோ அந்தக் காலத்தில் அந்த மாநிலத்தவர். ராணுவத்தில் இருப்பவருக்கு அவருடைய நிரந்தரப் பணியிடம் உள்ள மாநிலம். வேறு மாநிலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், படிக்கும் காலத்தில் அந்த மாநிலத்தவராகக் கருதப்படலாம்.

வணிகர் என்றால் இதைச் சரிபார்க்க அரசு வழங்கிய, முகவரியுள்ள அடையாள அட்டையைக் கேட்டே ஆக வேண்டும். தனிநபருக்கு அந்தக் கடமை இல்லை. வாங்குபவர் வாய்மொழியாகச் சொல்வதை அவர் நம்பலாம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும், படிக்கும் தமிழர்களுக்கு இங்கே ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள், மாநிலம் எதுவானாலும், துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நிரந்தர வசிப்புரிமை அட்டை பெற்றவருக்கு இத்தடை இல்லை. தெரிந்தவர் விற்கிறார், சோதனை ஏதும் இல்லை என்று எண்ணி வாங்கும் மாணவரோ பொறியாளரோ கடும் குற்றத்தில் சிக்குகிறார். சோதனை இல்லாத விற்பனை, சட்டத்தை அறியாத வாங்குபவருக்கும் பாதுகாப்பில்லாத விற்பனை.

பினாமி வாங்குதல்: ஒரு வழக்கு

மாநிலம் கடந்த கைமாற்றத்தை உச்ச நீதிமன்றம் நேரடியாகப் பார்த்த வழக்கு 2014 ஜூனில் தீர்ப்பான அப்ராம்ஸ்கி வழக்கு. வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் காவலர் ஒருவர், காவலருக்கான தள்ளுபடியைப் பயன்படுத்திப் பென்சில்வேனியாவிலிருந்த தம் உறவினருக்காக க்ளாக் 19 ரகக் கைத்துப்பாக்கி வாங்க ஒப்புக்கொண்டார். உறவினர் 400 டாலர் காசோலை அனுப்பினார். இவர் கடையில் படிவத்தை நிரப்பும்போது, உண்மையான வாங்குபவர் தாமே என்று குறித்தார். பிறகு பென்சில்வேனியாவுக்குச் சென்று, அங்குள்ள உரிமம் பெற்ற வணிகர் வழியாக, உறவினரையும் சோதனைக்கு உட்படுத்தியே துப்பாக்கியை ஒப்படைத்தார். எல்லை கடக்கும் விதியை அவர் முழுமையாகக் கடைப்பிடித்தார். ஆனால் முதல் படிவத்தில் சொன்னது பொய்.

ஐந்து நீதிபதிகள் குற்றத்தை உறுதிசெய்தார்கள், நால்வர் மாறுபட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி எலெனா கேகனின் வாதத்தின் சாரம் இது: கடையில் நிற்பவர் பெயரளவுக்கு வாங்குபவராகவும், பணம் கொடுப்பவர் திரைக்குப் பின்னாலும் இருக்கலாம் என்றால், சோதனை என்ற ஏற்பாடே பொருளற்றதாகிவிடும். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோனின் ஸ்காலியா, இரு தரப்பினருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்கும்போது இதைக் குற்றமாக்கச் சட்டத்தின் சொற்கள் இடம் தரவில்லை என்றார்.

2022 ஜூனில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட இருகட்சிச் சட்டம், பினாமி வாங்குதலையும் துப்பாக்கிக் கடத்தலையும் முதன்முறையாகத் தனி மத்தியக் குற்றங்களாக்கி, 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. அதுவரை படிவத்தில் பொய் சொன்னதற்காகவே வழக்குத் தொடர வேண்டியிருந்தது. லாப நோக்கில் தொடர்ந்து விற்பவர் உரிமம் பெற்றே ஆக வேண்டும் என்ற வரையறையையும் அச்சட்டம் இறுக்கியது.

எல்லை கடக்கும் துப்பாக்கிகள்

விதி இவ்வளவு கடுமையாக இருந்தும் துப்பாக்கிகள் எல்லையைக் கடந்துகொண்டே இருக்கின்றன. சிகாகோ மாநகரம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, குற்றங்களோடு தொடர்புடையனவாகக் கைப்பற்றப்பட்டு, மூலம் கண்டறியப்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 60 விழுக்காடு இல்லினாய்க்கு வெளியிலிருந்து வந்தவை என்று காட்டியது. இண்டியானாவிலிருந்து மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2016 இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அம்மாநிலத்தில் மீட்கப்பட்ட குற்றத் துப்பாக்கிகளில் 74 விழுக்காடு வெளிமாநிலத்தவை. கைத்துப்பாக்கிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 86 விழுக்காடு. புளோரிடா, ஜார்ஜியா, இரு கரோலினாக்கள், வர்ஜீனியா வழியாக வடக்கே செல்லும் 95 ஆம் எண் நெடுஞ்சாலையைக் காவல்துறையினர் 'இரும்புக் குழாய்வழி' என்றே அழைக்கிறார்கள்.

இந்த ஓட்டத்தின் திசையே ஒரு சான்று. கைத்துப்பாக்கி வாங்குவது கடினமான மாநிலத்துக்கு, எளிதான மாநிலத்திலிருந்து அது போகிறது. நாடு முழுவதையும் பார்த்தால், குற்றத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை முதலில் விற்கப்பட்ட மாநிலத்திலேயே மீட்கப்படுகின்றன. தன் எல்லைக்குள் கட்டுப்பாட்டை வலுவாக்கிய மாநிலங்களில்தான் வெளியிலிருந்து வருபவற்றின் பங்கு இவ்வளவு உயர்கிறது.

எல்லைச் சட்டம் இதை ஏன் தடுக்கவில்லை? கடத்துபவர் எல்லையில் எதையும் வாங்குவதில்லை. அவர் இண்டியானாவிலேயே குடியிருக்கும் ஒருவரைப் பிடிக்கிறார், அல்லது தாமே இண்டியானாக்காரர் என்று சொல்லி மற்றொரு தனிநபரிடம் வாங்குகிறார். அந்த விற்பனைக்குப் பதிவு இல்லை. பிறகு துப்பாக்கி காரின் பின்பெட்டியில் ஏறுகிறது. சிகாகோவில் அது கைப்பற்றப்பட்டால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள தேசியத் தடமறி மையம் வரிசை எண்ணைக் கொண்டு உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வணிகர், முதலில் வாங்கியவர் வரை போய்ச் சேரும். முதலில் வாங்கியவர், "அதை எப்போதோ ஒருவருக்கு விற்றுவிட்டேன்" என்று சொன்னால் தடம் அங்கேயே அறுந்துவிடும். யாருக்கு விற்றார், அவர் எந்த மாநிலத்தவர் என்பதற்குச் சான்றில்லை. மாநிலம் கடந்த விற்பனை என்ற குற்றத்தை நிரூபிக்கத் தேவையான ஆவணம், மாநிலத்துக்குள் நடந்த விற்பனைக்குப் பதிவு கேட்காததால் உருவாகவே இல்லை.

2019 ஆகஸ்ட் 31 அன்று டெக்சாஸின் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் ஏழு பேரைக் கொன்றவர், 2014 இல் பின்னணிச் சோதனையில் தோற்றவர். இரண்டு ஆண்டு கழித்து அதே மாநிலத்தில் ஒரு தனிநபரிடம், சோதனையில்லாமல், ரைபிளை வாங்கினார். விற்றவர் உரிமமின்றி வணிகம் செய்த குற்றத்துக்காகப் பின்னர் சிறை சென்றார். இருவரும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, சட்டப்படி நடந்திருந்தால், அந்த வாங்குபவர் இரண்டாம் முறையும் சோதனையில் நின்றிருப்பார்.

நீதிமன்றத்தில் எல்லை விதி

கைத்துப்பாக்கிக்கான எல்லை விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்ற வாதமும் எழுந்தது. வாஷிங்டன் டி.சி.யைச் சேர்ந்த ஒரு தம்பதியர் டெக்சாஸ் வணிகர் ஒருவரிடம் கைத்துப்பாக்கி வாங்க விரும்பினார்கள். தலைநகரில் மாற்றித் தரும் வணிகர் ஒருவரே இருந்தார். அவர் ஒரு துப்பாக்கிக்கு 125 டாலர் கட்டணம் கேட்டார். 2015 இல் டெக்சாஸில் உள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018 ஜனவரியில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஐம்பது மாநிலங்களின் கைத்துப்பாக்கிச் சட்டங்களை ஒவ்வொரு வணிகரும் அறிந்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது, வாங்குபவரின் மாநிலத்து வணிகருக்கே அவை தெரியும் என்பது அதன் காரணம். முழு அமர்வில் மீண்டும் விசாரிக்கும் கோரிக்கை எட்டுக்கு ஏழு என்ற வாக்கில் மறுக்கப்பட்டது. 2020 இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது.

எல்லை விதிக்கு எதிரான இந்த வாதத்தில் நியாயமில்லாமல் இல்லை. நாடு முழுவதும் ஒரே சோதனை அமைப்பு வந்துவிட்ட பிறகு, உரிமம் பெற்ற வணிகர் வேறு மாநிலத்தவருக்கு விற்பதில் 1968 இல் இருந்த ஆபத்து இன்று அதே அளவில் இல்லை. ஆனால் வணிகரிடம் வாங்குவதற்குப் பொருந்தும் இந்த வாதம், சோதனையே இல்லாத தனிநபர் விற்பனைக்குப் பொருந்தாது.

ஆய்வுகள் காட்டுவது

மாநிலத்துக்குள் நடக்கும் தனிநபர் விற்பனைக்கும் சோதனையை விரிவாக்கும் முயற்சி காங்கிரஸில் பலமுறை தோற்றது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பின் வந்த மன்சின்–டூமி திருத்தம், 2013 ஏப்ரலில் 54 வாக்குப் பெற்றும், தேவையான 60 கிடைக்காமல் செனட்டில் வீழ்ந்தது. 2019 இலும் 2021 இலும் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாக்கள் செனட்டைத் தாண்டவில்லை. சுமார் 20 மாநிலங்கள் தாமாகவே சட்டம் இயற்றியுள்ளன.

அவற்றின் பலன் குறித்த ஆய்வுகளை ஆதரவாளர்களும் நேர்மையாகப் படிக்க வேண்டும். 2017 இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு ஒன்று, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் சோதனையின்றிப் பெற்றதைக் காட்டியது. ஓட்டை உண்மையானது. ஆனால் சோதனையைக் கட்டாயமாக்கிய டெலவேர், கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களை ஆராய்ந்தபோது, டெலவேரில் மட்டுமே சோதனைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. மற்ற இரண்டில் சட்டம் சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் 1991 ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த ஆய்விலும் கொலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2016 இல் சிறைவாசிகளிடம் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் 43 விழுக்காட்டினர் தெருவிலோ கள்ளச்சந்தையிலோ பெற்றிருந்தார்கள். துப்பாக்கிக் கண்காட்சியில் பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

வாங்குவதற்கு முன்பே அனுமதி பெற வேண்டும் என்ற முறை உள்ள இடங்களில் சித்திரம் வேறு. கனெக்டிகட் 1995 இல் அந்த முறையைக் கொண்டுவந்த பிறகு, துப்பாக்கிக் கொலைகள் எதிர்பார்த்த அளவைவிடச் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக ஒரு ஆய்வு மதிப்பிட்டது. மிசௌரி 2007 இல் அதே முறையைக் கைவிட்டபின் கொலைகள் கூடியதாக மற்றொன்று காட்டியது. விற்பவர் கேட்பதற்கு எளிதான, சோதித்து வழங்கப்பட்ட ஓர் அட்டை வாங்குபவர் கையில் இருக்கும்போது, விற்பவருக்குச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதும் எளிதாகிறது. தேசியச் சோதனை அமைப்பைத் தனிநபர் நேரடியாக அணுக முடியாத இன்றைய நிலையில் இது பெரிய வசதி.

நடைமுறையில் உள்ளதே சான்று

தனிநபர் விற்பனைக்குச் சோதனை கூடாது என்பவர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள்: அது நடைமுறைக்கு ஒவ்வாது, குடும்பங்களுக்குள் தலையிடும், அரசின் கையில் பதிவேடாக மாறும். மூன்றுக்குமான பதில் மாநிலம் கடந்த விற்பனையில் ஏற்கெனவே இருக்கிறது. உரிமம் பெற்ற வணிகர்கள் நாடெங்கும் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக எல்லை கடந்த விற்பனை அன்றாடம் நடக்கிறது. குடும்ப உறவைப் பொறுத்தவரை, 2019, 2021 மசோதாக்கள் நெருங்கிய உறவினருக்கிடையிலான அன்பளிப்புகளுக்கு விலக்கு அளித்தன. ஒஹையோத் தந்தைக்கு இன்றைய எல்லை விதி அந்தச் சலுகையைத் தருவதில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை, தேசியப் பதிவேடு அமைப்பதை 1986 ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நிரப்பிய படிவம், கடை நடக்கும் வரை, வணிகரிடம்தான் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற சோதனையின் விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். எல்லை விதி அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியும் சுமார் நாற்பது கோடி துப்பாக்கிகள் அமெரிக்கர்களின் கைகளில் இருக்கின்றன. உரிமை பறிபோகவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. எல்லையில் உள்ள நடைமுறையை மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கும் விரிக்க வேண்டும். குடும்ப அன்பளிப்பு, தற்காலிக இரவல் ஆகியவற்றுக்கு நியாயமான விலக்கு தரலாம். கிராமப்புறங்களில் வணிகர் தொலைவில் இருப்பதும், டி.சி. தம்பதியர் சந்தித்ததுபோன்ற கட்டணச் சுமையும் உண்மையான குறைகள். கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தும், உள்ளூர்க் காவல் நிலையங்களில் சோதனைக்கு வழிசெய்தும் அவற்றைக் களையலாம். ஆய்வுகள் காட்டியபடி, முன்அனுமதி முறையோடு இணைத்தால்தான் சட்டம் தாளில் நில்லாமல் நடைமுறைக்கு வரும்.

தந்தை மகனுக்குக் கொடுக்கும் துப்பாக்கியைச் சோதித்து, அந்நியர் அந்நியருக்கு விற்பதைச் சோதிக்காமல் விடும் சட்டத்துக்கு, ஆபத்தின் அளவைக் கொண்டு எந்த நியாயமும் சொல்ல முடியாது. 1968 இல் காங்கிரஸ் எல்லையில் நின்றதற்கு அக்காலத்தின் அரசியலும் சாசன அதிகாரம் குறித்த தயக்கமும் காரணமாக இருந்தன. இன்று சோதனை அமைப்பு இருக்கிறது, வணிகர் வலை இருக்கிறது, எல்லைக்குள் சோதிக்காததன் விலையைச் சிகாகோவும் நியூயார்க்கும் ஒடெசாவும் உயிர்களாகக் கொடுத்திருக்கின்றன. 2013 இல் செனட்டில் குறைந்தவை ஆறு வாக்குகள். தேவையான வாக்குகளைத் தேடித் தரும் பொறுப்பு அமெரிக்க வாக்காளர்களுடையது.